கரை காணாத போர்வை

தெருவில் அவளுக்குக் குடைக்காரி என்றுதான் பெயர். வானம் கறுக்கும் முன்பே அவளுக்கு வேலை வந்துவிடும். மழை கொட்டத் தொடங்கிய பின் ஓடி வருகிறவர்களிடம், "அதான் நனைஞ்சாச்சே, இனி என்ன அவசரம்?" என்று சொல்லி உட்காரவைப்பாள். குடைக்கடையின் பின்னறையில், சாளரத்தை ஒட்டிய மேசை அவளுடையது. மரப்பலகையை அச்சாக வைத்துத் துணியை இதழ் இதழாக வெட்டுவாள். எட்டு இதழ்களையும் ஒரு முனையில் கூட்டி, அந்த முனையில் ஊசிமுனைக்கும் வழியில்லாதபடி இழுத்துத் தைப்பாள். எட்டுத் திசையும் நடந்து வந்து ஒரு புள்ளியில் கைகூப்பி நிற்பது போலிருக்கும். ஆனால் நேராக ஓடும் தையல் மட்டும் அவளுக்கு வராது. அவள் தலையணை உறை தைத்தால் அதுவும் வட்டமாகத்தான் முடியும் என்பது அண்ணியின் கேலி.

அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய ஐந்து வயது மகளும் கடல் கடந்து அவள் வீட்டுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அண்ணனுக்கு இந்த ஊர்ப் பட்டறையில் வேலை அமைந்ததே காரணம். ஒற்றைத் தட்டும் ஒற்றைத் தம்ளருமாக ஆண்டுக்கணக்கில் வாய் திறவாதிருந்த வீடு, ஒரே நாளில் பேசக் கற்றுக்கொண்டது. கதவுகள் அடித்துக்கொண்டன, குளியலறையில் பாட்டுக் கேட்டது, தேடினால் கிடைக்காத பொருள்கள் தேடாதபோது காலில் இடறின. குடைக்காரி இவை எல்லாவற்றையும் அலுத்துக்கொள்வது போல் நடித்து, உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு மிளகு என்று செல்லப்பெயர் சூட்டியவன் அவள் தகப்பன். பிறந்தபோது அத்தனை சிறியவளாக, அத்தனை கரிய கண்ணுடையவளாக இருந்தாளாம். பின்னாளில் நாவும் பெயரோடு ஒத்துப்போய்விட்டது.

அந்த மிளகுக்குத்தான் உறக்கம் இல்லை. படுக்கச் சொன்னால் படுப்பாள். விளக்கு அணைந்ததும் எழுந்து சாளரத்தருகே அமர்ந்துவிடுவாள். தாலாட்டினால் கேட்டுக்கொண்டிருப்பாள். கதை சொன்னால், கதை முடிந்த இடத்தில் "அப்புறம்?" என்பாள். பகலிலோ, இரவெல்லாம் வாசலில் நிறுத்திவைக்கப்பட்ட துயில் கண்ட இடத்தில் அவளைப் பிடித்துக்கொள்ளும். கவளம் வாயில் இருக்கும்போதே தலை சாயும். பள்ளியில் மேசைமீது கன்னம் விழும். அவள் கண்களின் கீழே மெல்லிய நீலம் படியத் தொடங்கியது. மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, புது இடம், பழகிவிடும் என்றார். பழகவில்லை.

"இந்த வீடு அவளுக்கு ஒத்துக்கல," என்றாள் அண்ணி ஒருநாள், பிரிக்காத பெட்டிகளின்மேல் துணி மடித்து வைத்தபடி. "அவர் இங்க இருந்து வேலை பாக்கட்டும். நானும் இவளும் பழைய ஊருக்கே போயிடறோம். மாசம் முடியட்டும்னு பாக்கறேன்."

"அண்ணி, வீட்டுமேல எதுக்குப் பழி போடறீங்க? அது வாயில்லா ஜீவன்."

"வாயில்லாததுக்கெல்லாம் சேர்த்துப் பேசத்தான் நீ இருக்கியே!"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அன்று சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது குடைக்காரியின் கை நான்காம் தட்டில் சற்றே நின்றது. மாதம் முடிந்தால் இவற்றில் இரண்டு மறுபடி அடுக்குக்குள் போய்விடும். குழந்தை உறங்கினால் வீடு நிறைந்திருக்கும், உறங்காவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அடுத்த விடியலில் அவள் எழுந்து வந்தபோது மிளகு சாளரத்தின் கீழே தரையில் அமர்ந்திருந்தாள். கீழே நீரேற்றும் மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. குழந்தை ஒரு கையைத் தரையில் விரித்து வைத்து, எதையோ கேட்பவள் போலத் தலையைச் சாய்த்திருந்தாள்.

"என்ன கண்ணு, இன்னைக்கும் தூங்கலையா?"

"ஊஹூம்."

"ஏன்டா?"

"தூங்கிட்டா கறை வர்றது தெரியாதே, அத்தை."

குடைக்காரிக்குச் சுரீரென்றது. அவள் செவிக்கு நாள்தோறும் பழகிய சொல் அது. கடையில் காலை முதல் மாலை வரை கறையோடுதான் போராட்டம்; கம்பியின் துரு துணியில் இறங்கும் கறை, மழைச்சேற்றின் கறை, மடித்து வைத்த ஈரத்தில் பூக்கும் கறை. அது மட்டுமா? அவளுடைய சிறுவயதுப் பாயை வெயிலில் காயப்போட்டபோது, அதன் நடுவே விரிந்திருந்த மஞ்சள் கறையைத் தெருவே பார்த்துக்கொண்டு போனது. 'இந்தச் சின்ன உயிருக்கும் அதே பயமா!' என்று நெஞ்சு கசிந்தாள்.

"இதுக்கா இப்படி முழிச்சிட்டு உக்காந்திருக்கே? வந்தா வந்துட்டுப் போகுது."

மிளகு ஆவலோடு நிமிர்ந்தாள். "உங்களுக்கு வந்துச்சா அத்தை?"

"வராம என்ன? ஏழு வயசு வரைக்கும் வந்துச்சு."

"ஏழு வயசு வரைக்குமா!" குழந்தையின் வாய் வட்டமாயிற்று.

"அப்புறம் தானா நின்னு போச்சு. அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மாவுக்குத் தெரியுமே. அம்மாவும் பாத்துட்டேதான் இருக்காங்க."

ஆக, அண்ணி நாள்தோறும் விரிப்பைச் சோதிக்கிறாள். நாத்தனாரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறாள். குடைக்காரி எல்லாவற்றையும் புரிந்துகொண்டவளாக எழுந்தாள். கூச்சப்படுகிறவர்களைக் கேள்வி கேட்பது தகாது. கேட்காமலே ஒன்று செய்யலாம். ஒரு போர்வை தைக்கலாம். எந்தக் கறை விழுந்தாலும் அது பூவோ புள்ளியோ என்று பார்ப்பவர் மயங்கும்படி, பலவண்ணம் கொண்ட போர்வை!

அன்றே எதிர்வரிசைச் சட்டைக்காரரிடம் போய் வெட்டுத்துணி கேட்டாள். சட்டை தைத்து மிஞ்சும் துண்டுகளை அவர் கோணியில் அடைத்து வைத்திருப்பார்.

"வெளிர் நிறம் எதுவும் வேணாம். பூ, புள்ளி, கட்டம், கோடு, இப்படித்தான் வேணும். பாத்தா கண்ணு ஒரு இடத்துல நிக்கக் கூடாது."

"கண்ணு நிக்கக் கூடாதுன்னா, என் மச்சான் கல்யாணத்துக்குத் தச்சுக்கிட்ட சட்டையோட மிச்சம் இருக்கு. அன்னைக்கு அதைப் பாத்தவங்க இன்னும் கண்ணைக் கசக்கிட்டுத்தான் இருக்காங்க," என்று கோணியைக் கவிழ்த்தார் அவர். "குடைக்கு எதுக்கும்மா இவ்வளவு அலங்காரம்?"

"குடை இல்லைங்க. போர்வை."

"நீயா? போர்வை நாலு மூலையா இருக்கும், தெரியும்ல?"

விடுமுறைப் பகலொன்றில் கூடத்துத் தரை முழுவதும் துண்டுகள் விரிந்தன. மயிற்கழுத்தின் நீலம், மாந்தளிரின் செம்மை, பாசிமணியின் பச்சை, மஞ்சள் வெயிலில் உதிர்ந்த பூப்போன்ற சிறு சிறு புள்ளிகள். மச்சானின் சட்டையும் தன் பங்குக்கு நடுவே கூவிக்கொண்டிருந்தது. இதழாக வெட்டி எட்டெட்டாகக் கூட்டிப் பல வட்டங்கள் செய்வது, வட்டங்களுக்கு இடையில் எஞ்சும் மூலைகளைக் கருநீலத்தால் நிரப்புவது என்பது குடைக்காரியின் திட்டம். தைக்கத் தெரிந்தது அதுதானே!

மிளகு துண்டுகளின் நடுவே தவழ்ந்து, தனக்கென்று ஒரு முறை வகுத்துக்கொண்டு அடுக்கினாள்.

"இது இங்க வேணாம் அத்தை. இங்க ஆழம்."

"சரி, ஆழத்துக்கு எது போடலாம்?"

"கருநீலம். அதுக்கு அப்புறம் பச்சை. இந்தப் புள்ளியெல்லாம் மீன். மேல வந்து மூச்சு விடுற மீன்."

"இந்தச் சட்டை?"

மிளகு மச்சானின் சட்டையைக் கூர்ந்து நோக்கினாள். "அது யாரோ தண்ணில விட்டுட்டுப் போனது."

அவள் சொன்னபடியே அத்தை அடுக்கினாள். குழந்தைகளின் பேச்சுக்குப் பொருள் தேடுவது பூவுக்குள் விதை தேடுவது போல. கிடைக்கும்போது பூ இருக்காது என்று எண்ணிப் பேசாமல் துணியில் சுண்ணக்கட்டியால் கோடு இட்டாள்.

பிறகு வந்த மாலைகள் எல்லாம் தையலில் கரைந்தன. கடையிலிருந்து திரும்பியதும் தையல்பொறியின் முன் அமர்வாள். இதழோடு இதழ் சேரும். முனையோடு முனை கூடும். ஒவ்வொரு வட்டமும் நீரில் கல் விழுந்தது போல விரியும். மேல்துணியும் அடித்துணியும் இடையே பஞ்சுமாக மூன்றையும் பிணைக்க நீண்ட ஓட்டுத்தையல் போட்டபோது, ஊசி அமிழ்ந்து எழுந்து அமிழ்ந்து எழுந்து, துடுப்பு வலிப்பது போன்ற ஒரு தாளம் அவள் தோளுக்கு வந்தது. சாளரத் திரை காற்றில் உப்பும். நிழல்கள் சுவரில் நீந்தும். அறை மெல்லத் தன்னை அவிழ்த்துக்கொண்டு எங்கோ செல்வது போலவும், தானும் தன் மடியில் உள்ள நீலமும் மட்டும் எஞ்சியிருப்பது போலவும் தோன்றும். தைக்கிறவளுக்கு உறக்கம் சொக்கியது. பக்கத்தில் அமர்ந்திருந்த சிறுமி மட்டும் இமைக்காமல் பார்த்திருந்தாள்.

விளிம்பு மடிப்பதற்கு வந்தபோது குடைக்காரி தனக்குத் தெரிந்த வழியிலேயே முடித்தாள். குடைக்கு ஏது தனி விளிம்புப் பட்டை? துணியை உள்ளே மடித்து மறைத்தையல் போட்டுவிட்டால் ஆயிற்று. வண்ணங்கள் ஓரம் வரை ஓடி, ஓரத்தையும் கடந்து மறுபக்கம் இறங்கின.

மாதத்தின் கடைசி வாரத்தில், விடுமுறை நாள் காலையில், போர்வையைக் கூடத்தில் விரித்தாள்.

"அடியே!" என்றாள் அண்ணி. கையில் இருந்த கரண்டியை மறந்து நின்றாள். அண்ணன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நாலு மூலையும் இருக்கே! யாரை வெச்சுத் தச்சே?" என்றான்.

மிளகு அதன்மேல் ஓடவில்லை. குனிந்து, ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டே ஒரு பக்கம் முழுக்க நடந்தாள். திரும்பி மறுபக்கம் நடந்தாள். நான்கு பக்கமும் முடிந்ததும் துணியைப் புரட்டி உள்ளே பார்த்தாள்.

"அத்தை, கறை எங்க?"

குடைக்காரி அருகில் மண்டியிட்டு, அவள் காதோடு, மற்றவர்க்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்: "கறையே தெரியாது கண்ணு. அதுக்குத்தானே அத்தை இவ்வளவு வண்ணம் போட்டேன்!"

"தெரியவே தெரியாதா?"

"எவ்வளவு தேடினாலும் தெரியாது."

மிளகு புரட்டிய துணியைக் கைவிட்டு நிமிர்ந்தாள். பெரிய கண்கள் இரண்டும் நிரம்பி வழிந்தன.

"அப்போ… நாம இறங்கவே மாட்டோமா?"

குடைக்காரி அந்தச் சொல்லை மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் சின்ன ர, பெரிய ற என்று இரண்டாகப் பிரித்துக் கற்பித்த எழுத்துகள். ஏட்டில் தனித்தனியே நின்றாலும் நாவில் ஒரே வீட்டில் குடியிருப்பவை. குழந்தை கறையைச் சொல்லவே இல்லை. கரையைச் சொல்லியிருக்கிறாள். கப்பலில் போகிறவர்கள் காத்திருக்கும் கரையை. பெட்டிகளைப் பிரிக்காத அம்மாவும் அதையே பார்த்திருப்பதாக எண்ணியிருக்கிறாள்.

"எங்கேயிருந்து இறங்கணும் கண்ணு?" என்று கேட்டாள்.

"கப்பல்லேர்ந்து."

அண்ணன் சிரித்தபடி மகளை அள்ளப் போனான். "நாம எப்பவோ இறங்கிட்டோம்டா! நீ தூங்கிட்டு இருந்தே. அப்பா தோள்ல போட்டுக்கிட்டு இறங்கினேன்."

மிளகு பிடி கொடுக்கவில்லை. "கரை வந்ததும் எழுப்பறேன்னு சொன்னீங்களே?"

அண்ணனின் சிரிப்பு நின்றது. "சொன்னேன். ஆனா நீ அவ்வளவு நல்லா தூங்கினியா… எழுப்ப மனசு வரல."

"அப்போ நீங்க இறங்கிட்டீங்க. நான் இறங்கல."

அண்ணி கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள். "இது வீடுடா செல்லம். கப்பல் இல்ல," என்றாள்.

"ஓடுதே, அம்மா! கையை வெச்சுப் பாரு."

மூன்று பெரியவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பின் தரையில் அமர்ந்து உள்ளங்கையை ஊன்றினார்கள். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்களின் வழியே ஏறி வந்த அந்த மெல்லிய அதிர்வு கைரேகையில் புகுந்து முழங்கை வரை படர்ந்தது. ஆழத்தில் எங்கோ ஒரு பெரும்பொறி சுழல, நெடுநீரைக் கிழித்துக்கொண்டு வீடு முன்னே முன்னே போய்க்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் குடைக்காரி அதை உணர்ந்ததில்லை. இப்போது உணர்ந்தாள். பயணம் முடியாதவளை உறங்கச் சொல்லி அல்லவா இத்தனை பேரும் தாலாட்டியிருக்கிறார்கள்!

"ஆமா கண்ணு, ஓடுது," என்றாள் அவள். "ஆனா இன்னைக்குக் கரை வந்துடும். நீ முழிச்சிட்டே இரு. யாரும் உன்னைத் தூங்கச் சொல்ல மாட்டாங்க."

"நிஜமா?"

"நிஜமா. நீ நடுவுல ஏறி உக்காரு."

அண்ணியிடம் திரும்பி, "மணல் நிறத்துல துணி ஏதாவது இருக்கா அண்ணி? என்கிட்ட இருக்கறதெல்லாம் பூவும் புள்ளியும்தான்," என்றாள்.

அண்ணி ஒரு பெட்டியைத் திறந்து, ஆழத்திலிருந்து தன்னுடைய பழுப்பு நிற விரிப்பொன்றை உருவி எடுத்தாள். புதியது, ஒருமுறையும் விரிக்காதது. "கிழி," என்றாள். "யோசிக்காதே, கிழி." நீளவாக்கில் அது கிழிந்த ஓசை, தொலைவில் அலை ஒன்று ஒதுங்குவது போலிருந்தது.

மிளகு போர்வையின் நடுவே, ஆழத்தின்மேல், காலை மடக்கி அமர்ந்தாள். குடைக்காரி ஓரத்தில் குந்தி, மணற்பட்டையை வைத்துக் கையால் தைக்கத் தொடங்கினாள். நேர்த்தையல்! அவள் விரல்களுக்குப் பழக்கமில்லாத வேலை. பட்டை ஓரிடத்தில் அகன்றது, ஓரிடத்தில் ஒடுங்கியது, மறுபடி அகன்றது.

"என்னடி இது, கரை கோணிக்கிட்டுப் போகுது?" என்றாள் எதிர்ப்பக்கம் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணி.

"கரை அப்படித்தான்மா இருக்கும்," என்றது நடுக்கடலிலிருந்து ஒரு குரல். "நேரா இருந்தா அது சுவரு."

"கேட்டுக்கோங்க அண்ணி."

"கேட்டேன், கேட்டேன். அத்தைக்கும் மருமகளுக்கும் நடுவுல நான் யாரு?"

ஒரு பக்கம் கரையாயிற்று. மிளகு அதைப் பார்த்தாள், எழவில்லை. "இன்னும் கிட்ட வரட்டும்," என்றாள். வெயில் சாளரத்தைக் கடந்து நகர்ந்தது. அண்ணன் நடுநடுவே உள்ளங்கையைக் குவித்துக் கப்பலின் சங்கொலி எழுப்பினான். அண்ணி அவனை முறைத்தாள். அவன் இன்னும் மெதுவாக எழுப்பினான். இரண்டாம் பக்கம் மூடிற்று. சோற்றை அண்ணி நீட்டினாள். குழந்தை இடம் விட்டு அசையாமல் வாங்கி உண்டாள். கண்கள் சொருகும்போதெல்லாம் தன் கன்னத்தைத் தானே தட்டிக்கொண்டாள். குடைக்காரிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஊசியைத்தான் விரைவுபடுத்தினாள். மூலை வந்தபோது மட்டும் அவள் கை தன் இயல்பைப் பெற்றது. கோணமும் முனையும் அவளுக்குத் தெரிந்த நாடு. மடிப்பு மடிப்போடு பொருந்திக் கூர்மையாக நின்றது.

மாலை சாய்வதற்குச் சற்று முன், கடைசி மூலை மூடிற்று. குடைக்காரி நூலைப் பல்லால் அறுத்தாள்.

"வந்துடுச்சு கண்ணு."

மிளகு எழுந்து நின்றாள். கால் மரத்திருக்க வேண்டும்; தள்ளாடினாள். தகப்பன் கை நீட்டினான். "வேணாம், நானே," என்றாள். கருநீலத்தைக் கடந்தாள், பச்சையைக் கடந்தாள், மச்சானின் சட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஓரத்தில் நின்று, பெருவிரலை மட்டும் மணலில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு பாதம். பிறகு மறு பாதம். அங்கிருந்து தரையில் இறங்கினாள்.

சுற்றிலும் பார்த்தாள். அவள் விழிகளில் இருந்த காவல் நீங்கி, அங்கே ஒரு வியப்பு வந்து அமர்ந்தது.

"இது யார் வீடு?"

"நம்ம வீடு," என்றாள் குடைக்காரி.

"பெரிசா இருக்கு," என்றாள் மிளகு. கதவைத் தொட்டுப் பார்த்தாள். சுவரைத் தொட்டாள். அடுப்பறை வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அத்தையின் அருகில் வந்து ஏதோ கேட்க வாயெடுத்தவள், கேள்வி முடியும் முன்பே அவள் தொடையில் தலை சாய்த்து, வெறுந்தரையில், மூடாத வாயோடு உறங்கிப்போனாள்.

கீழே மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கிற்று. குழந்தை ஒரு பெருமூச்சு விட்டுப் புரண்டு படுத்தாள், அவ்வளவே. அண்ணி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். பிறகு திறந்து கிடந்த பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டாள்:

"உன் அலமாரில எந்தத் தட்டு எனக்கு?"

"மேல ரெண்டும்," என்றாள் குடைக்காரி. "கீழ்த்தட்டு அவளுக்கு. எட்டணும்ல."

அண்ணன் தலையணை எடுத்து வர எழுந்தான். அறைக்குப் போகக் கூடத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். அவன் போர்வைமேல் காலை வைக்கப் போன கணத்தில் அண்ணி மூச்சுக் குரலில் அதட்டினாள்:

"ஏங்க! தண்ணி!"

அவன் காலை அந்தரத்தில் நிறுத்தினான். கீழே பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பின்னர் குனிந்து, கால்சட்டையை முழங்கால் வரை மடித்து விட்டுக்கொண்டு, ஆழத்தில் கவனமாக அடியெடுத்து வைத்து நடந்தான்.